நிலுவை

நவம்பர் இருபது. இன்னும் எட்டு நாளில்
கூண்டுகள் கடலில் இறங்கவேண்டும்.
சமையலறையில் ஜன்னல் பக்கப் பாதி எல்வினுடையது,
சிங்கி இறால் கூண்டுகளுக்கு வலைவாய் பின்னுகிறான்.
அடுப்புப் பக்கப் பாதி என்னுடையது.
அப்படித்தான் இருபத்தாறு வருடமாகப் பேச்சு.
என் பாதி அவன் பாதிக்குள் நகர்ந்துபோவதை
இரண்டு பேரும் பார்க்காததுபோல் இருக்கிறோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.
மெரிலீயின் கல்யாணப் போர்வை, துண்டுத் துணிகள் சேர்த்தது.
கல்யாணம் ஜூனில் நடந்தது.
எந்த ஜூன் என்று கேட்காதீர்கள்.
கையுறை, இடது, கட்டைவிரல் மட்டும் பாக்கி.
வலது முடிந்து
போன குளிர்காலத்திலேயே தொலைந்தும் போயிற்று.
சாக்கில் கொக்கியால் இழுத்துச் செய்யும் கம்பளம்:
படகு வந்துவிட்டது, கடல் வரவில்லை.
தேவாலயச் சந்தைக்குத் தேநீர்ப் பானையின் குல்லாய் ஆறு,
மூன்றில் மூக்குக்குத் துளை விட மறந்துவிட்டேன்.
ஒற்றைக் காலுறைகளைச் சேர்க்கவில்லை.
வீட்டில் எத்தனை பேர் என்றால்
பூனையைச் சேர்த்தா சொல்கிறோம்?

குதிகால் திருப்பும்போது எண்ணிக்கை தவறினால்
ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் போர்வைக்குப் போவேன்.
போர்வையின் மூலைகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால்
கம்பளத்துக்கு.
கம்பளத்தில் நீலம் தீர்ந்தால்
லூனன்பர்க் கடைக்கு. நீலம் வாங்கப் போனவள்
சாம்பல் நிறத்தில் நான்கு உருண்டையோடு திரும்புவேன்.
இன்னும் எதுவாகவும் ஆகாத நூலுக்கு
ஒரு வாசனை உண்டு.
முதல் கண்ணி ஏறியதும் அது போய்விடும்.

கண்ணி.
என் ஊசியில் ஏறுவதும் கண்ணிதான்,
எல்வின் கயிற்றில் விழுவதும் கண்ணிதான்.
அவனுடையதில் இறால் மாட்டும்.
என்னுடையதில் நான்.

அன்று சாயங்காலம் காற்று தென்கிழக்கிலிருந்து.
ஏழு மணிக்கு மின்சாரம் போனது.
எட்டரைக்குக் கதவைத் தட்டியது கோல்பி நிக்கிள்,
எல்வின் படகில் புதிதாகச் சேர்ந்த பையன்,
ஒரு காலில் பூட்ஸ், மற்றதில் ஈரக் காலுறை.
"என் கூரை மிசஸ் கிரீசர் தோட்டத்துல இருக்கு" என்றான்,
முகவரி மாறியதைச் சொல்வதுபோல.

இவ்வளவு பின்னுகிறவள் வீட்டில்
விருந்தாளிக்கு ஒரு கம்பளி இல்லையா என்றால், இல்லை.
முடிந்தவை ஊருக்குப் போய்விடும்.
முடியாதவைதான் எங்களோடு குடித்தனம் நடத்தும்.
மெரிலீயின் போர்வையைத்தான் கொடுத்தேன்.
மேல்துணி, பஞ்சு, அடித்துணி,
மூன்றையும் பிடித்துக்கொண்டு இருநூறு குண்டூசி.
"புரண்டு படுக்காதே" என்றேன்.
தலையாட்டினான்.

காலையில் போர்வை மடித்து நாற்காலியில் இருந்தது.
சாஸரில் குண்டூசிகள்,
தலை ஒரு பக்கம், முனை ஒரு பக்கம்,
பெட்டியில் மீன் அடுக்குவதுபோல.
"குத்திச்சு" என்றான். "அதான் எடுத்துட்டேன்."

மூன்று நாள்.
தரையில் முட்டி போட்டு மூன்று நாள் குத்தியவை.
நான் சொன்னதை இங்கே எழுதமுடியாது.
எல்வின் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான்,
அதற்கு முன் கடலையே பார்க்காதவன்போல.

எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.
நான் எண்ணி முடிப்பதற்குள் அந்தப் பையன்
இடது கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.
துளை வழியே கட்டைவிரல் வெளியே நின்றது.
"இது நல்லாருக்கு" என்றான்.
"முடிச்சுப் போட விரல் வெளிய இருக்கணும்."
துளையைச் சுற்றி ஒரு வரி பின்னி, இழுத்து,
நூலை அறுத்துக் கொடுத்தேன்.
"வலதும் இருக்கா?"

பட்டியலில் அழித்த வரிக்குக் கீழேயே
வலது என்று எழுதினேன்.

மத்தியானம் மின்சாரம் வந்தது,
அதன் பின்னாலேயே மெரிலீயின் போன்.
அவள் கேட்கவில்லை. அவள் எப்போதும் கேட்பதில்லை,
வானிலையை மட்டும் விசாரிப்பாள்.
நானாகவே சொன்னேன்:
"நூற்றுத் தொண்ணூற்றாறு வரைக்கும் வந்திருக்கு."

எல்வின் சாப்பிட நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்,
உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

தொண்ணூற்றேழு.